வீட்டில் விளைவதும் மேடையில் பிறப்பதும்

இசையரங்கு ஒன்றில் பாடகர் கண்களை மூடி இராகம் ஒன்றைத் தொடங்குகிறார். பின்னே தம்பூரா ஒலித்துக்கொண்டிருக்கிறது. முதற்பிடியிலேயே இது தோடி என்று உணர்ந்தவர்கள் தலையசைக்கின்றனர். உணராதவர்கள் பக்கத்தில் இருப்பவரை மெல்லக் கேட்கின்றனர். அடுத்து அவர் எந்தச் சுரத்தில் நிற்பார், எப்பொழுது மேலே ஏறுவார், எங்கே மூச்சு விடுவார் என்பது அவையில் எவருக்கும் தெரியாது. வயலின் வாசிப்பவருக்கும் தெரியாது. பாடுகின்றவருக்கேனும் தெரியுமா?

எளிதாகத் தோன்றும் இவ்வினா ஓர் அறச்சிக்கலைத் தன்னுள் அடக்கியுள்ளது. பாடுகின்றவருக்கு அனைத்தும் முன்னமே தெரியும் என்றால், 'இஃது இப்பொழுதே பிறக்கிறது' என்று நம்பிக் கேட்கும் அவையோர் ஏமாற்றப்படுகின்றனர் அல்லரோ? அவருக்கு ஒன்றுமே தெரியாது என்றால், நேரத்தையும் பொருளையும் செலவிட்டு வந்திருப்போர் முன்னிலையில் யாதொரு ஆயத்தமும் இன்றி வந்தமர்தல் முறையாகுமா? ஆயத்தம் செய்தால் பொய், செய்யாவிட்டால் பொறுப்பின்மை. இவ்விரண்டுக்கும் இடையே கலைஞன் நடந்து செல்லத்தக்க வழி யாது? சிங்கப்பூரில் இசை பயில்வோரும் பயிற்றுவோரும் எதிர்கொள்ளும் இச்சிக்கல், ஆராய்ந்து பார்த்தால், மொழி பயில்வோருக்கும் பயிற்றுவோருக்கும் உரியதே என்பது புலப்படும்.

இருவகை இசை

கருநாடக இசை இரு பெரும் பிரிவுகளைக் கொண்டது என்பது இசை அறிந்தோர் யாவரும் அறிந்ததே. கீர்த்தனை, வருணம், பதம் முதலியன முன்னோர் ஆக்கி வைத்தவை. இவற்றைக் கல்பித இசை என்பர். ஆலாபனை, தானம், நிரவல், கற்பனைச் சுரம் ஆகியன பாடுவோர் அவ்வப்போது தம் உள்ளத்தால் ஆக்குபவை. இவற்றை மனோதர்ம இசை என்பர். இவை யாவும் ஒருங்கே இயங்கும் களம் இராகம் தானம் பல்லவி. தமிழ் நூல்கள் ஆலாபனையை ஆளத்தி என்னும் அழகிய சொல்லால் குறித்தன.

முதல்வகை இசையில் ஆயத்தம் பற்றிய ஐயம் எழுவதே இல்லை. கீர்த்தனையைப் பாடம் செய்யாமல் மேடையேறுபவரை எவரும் மன்னியார். இரண்டாம் வகையிலோ அவையோரின் எதிர்பார்ப்பு வேறாகிவிடுகிறது. அங்கே அவர்கள் பாட்டைக் கேட்பதோடு, ஓர் உள்ளம் தன் கண்முன்னே சிந்திப்பதையும் காண விழைகின்றனர். அதனாலேயே கற்பனைச் சுரம் ஒன்று பிசகாமல் வந்து எடுப்பில் பொருந்தும்பொழுது எழும் கைத்தட்டல், கீர்த்தனைக்குக் கிடைக்கும் கைத்தட்டலினும் வேறுபட்ட ஒலியுடையதாக இருக்கிறது. தப்பியிருக்கக்கூடிய ஒன்று தப்பாமல் வந்து சேர்ந்த மகிழ்ச்சி அது.

ஒரு மாணவியின் தாள்

சிங்கப்பூரில் இசை வகுப்புகளுக்குக் குறைவில்லை. 1949ஆம் ஆண்டு தோன்றிய சிங்கப்பூர் இந்திய நுண்கலைக் கழகம் முதலாக, ஆசிரியர்கள் தத்தம் இல்லங்களில் நடத்தும் சிறு வகுப்புகள் ஈறாகப் பல இடங்களில் பிள்ளைகள் பயில்கின்றனர். பகலெல்லாம் பள்ளி, பிற்பகலில் இணைப்பாட நடவடிக்கை, மாலையில் துணைப்பாடம். இவற்றுக்கிடையே வாரத்துக்கு ஓரிரு மணி நேரமே இசைக்குக் கிட்டுகிறது.

இத்தகைய சூழலில் உயர்நிலைப்பள்ளி மாணவி ஒருத்தியை எண்ணிப் பார்க்கலாம். ஆண்டு விழாவில் அவள் ஒரு கீர்த்தனையும் அதற்குக் கற்பனைச் சுரமும் பாட வேண்டும். நாளோ குறைவு. ஆசிரியர் ஒரு தாளில் நான்கு சுற்றுச் சுரமும் முடிவில் ஒரு கோர்வையும் எழுதிக் கொடுக்கிறார். மாணவி எம்ஆர்டி இரயிலில் வரும்பொழுதும் போகும்பொழுதும் அதை உருப்போடுகிறாள். விழா நாளன்று பிழையின்றிப் பாடுகிறாள். அவையோர் கைதட்டுகின்றனர். முன்வரிசையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், 'இந்த வயதில் என்ன கற்பனை!' என்று வியக்கிறார். மாணவி தலைகுனிந்து நிற்கிறாள். அது நாணத்தாலா, உறுத்தலாலா?

இம்மாணவியும் அவள் ஆசிரியரும் செய்தது பிழையா? 'பிழையே' என்பாரும் உளர். கற்பனை என்னும் பெயரால் மனப்பாடத்தை விற்பது கலைக்கு இழுக்கு என்பது அவர்கள் வாதம். 'பிழையன்று' என்பாரும் உளர். நடை பயிலும் குழந்தைக்கு நடைவண்டி தருவது ஏமாற்றாகுமா என்று அவர்கள் கேட்கின்றனர். இரு சாராரும் ஆயத்தம் என்னும் ஒரே சொல்லை வெவ்வேறு பொருளில் ஆள்கின்றனர் என்பதே இப்பூசலின் வேர். ஆகவே, மனோதர்மத்தில் கைதேர்ந்தவர்கள் உண்மையில் எவ்வாறு ஆயத்தம் செய்கின்றனர் என்பதை முதலில் காண்டல் வேண்டும்.

சிராங்கூன் சாலையில் ஒரு காலைப்பொழுது

சிராங்கூன் சாலையில் ஸ்ரீ சீனிவாசப் பெருமாள் கோவிலிலோ ஸ்ரீ வீரமாகாளியம்மன் கோவிலிலோ திருவிழா நாளொன்றில் நாகசுரம் கேட்டவர்களுக்கு இதற்கான விடை ஓரளவு முன்னமே தெரிந்திருக்கும். நாகசுரக் கலைஞர் கையில் நிகழ்ச்சி நிரல் இல்லை. சுவாமி புறப்பாட்டின்பொழுது கம்பீர நாட்டையில் மல்லாரி முழங்க வேண்டும். காலைக்கு உரிய இராகம் ஒன்று, இரவுக்கு உரிய இராகம் ஒன்று என்னும் மரபும் அவருக்குத் தெரியும். ஆனால் ஊர்வலம் எவ்வளவு நேரம் நடக்கும், எந்தத் திருப்பத்தில் நிற்கும், தீபாராதனை எப்பொழுது காட்டப்படும் என்பதை அவர் முன்கூட்டி அறியார். சுவாமி நின்றால் இராகம் விரிகிறது, நகர்ந்தால் சுருங்குகிறது.

திருமண மண்டபத்தில் இவ்வுண்மை இன்னும் தெளிவாகும். நாகசுரக்காரர் மெல்லிய இராகம் ஒன்றை வாசித்துக்கொண்டிருக்கிறார். அவர் கண் புரோகிதரின் கைமேல் இருக்கிறது. புரோகிதர் 'கெட்டிமேளம்' என்று விரல் அசைத்த அக்கணமே, விரிந்துகொண்டிருந்த இராகம் எந்த இடத்தில் இருந்தாலும் அதை அங்கேயே மடக்கி, தவிலோடு சேர்ந்து மண்டபம் அதிர முழங்குகிறார். தாலி கட்டி முடிந்ததும் முழக்கம் தணிந்து இராகம் மீண்டும் தலைகாட்டுகிறது. இந்த மடக்கலுக்கு அவர் ஒத்திகை பார்த்ததில்லை, பார்க்கவும் இயலாது. ஆயினும் இதற்கு அவர் ஆயத்தமாக இருக்கவில்லை என்று யாரேனும் கூற முடியுமா? இளமையில் குருவின் பக்கத்தில் ஒத்து ஊதத் தொடங்கிய நாள்முதல் அவர் செய்தது முழுவதும் இந்த ஒரு கணத்துக்கான ஆயத்தமே அன்றோ?

மேடைக் கச்சேரியிலும் இதுவே நிகழ்கிறது. நாட்டிய நிகழ்ச்சிக்குப் பக்க இசைஞர் பன்முறை ஒத்திகை பார்ப்பர். ஆனால் கருநாடக இசைக் கச்சேரியில் பாடகரும் வயலின், மிருதங்கக் கலைஞர்களும் கூடி ஒத்திகை பார்ப்பது பெருவழக்கு அன்று. சென்னையிலிருந்து வந்த பாடகரும் சிங்கப்பூர் மிருதங்கக் கலைஞரும் கச்சேரிக்குச் சற்று முன்னர்தான் முதன்முதலாகச் சந்திக்கின்றனர் என்பதும் உண்டு. சுருதி என்ன என்று கேட்டுக்கொள்கின்றனர், மேடையேறுகின்றனர். பாடகர் ஓர் இராகத்தைப் பாடி நிறுத்த, வயலின் கலைஞர் அதே இராகத்தைத் தம் வழியில் வாசித்துக் காட்டுகிறார். ஒருவரை ஒருவர் அறியாத இருவர், ஒரே இலக்கணத்தை அறிந்திருப்பதனால் உரையாடுகின்றனர்.

பயிற்சியின் நீளம்

இவற்றால் ஓர் உண்மை பெறப்படுகிறது. மனோதர்மக் கலைஞன் நிகழ்ச்சியை ஆயத்தம் செய்வதில்லை. தன்னையே ஆயத்தம் செய்கிறான்.

இக்கருத்து தமிழர்க்குப் புதிதன்று. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை, மாதவி ஐந்தாம் அகவையில் பயிற்சி தொடங்கி ஏழாண்டுகள் பயின்று, பன்னிரண்டாம் அகவையில் அரங்கேறினாள் எனக் காட்டுகிறது. அவளுடைய ஆடலைக் கூறும் முன்னர், ஆடலாசிரியன், இசையாசிரியன், கவிஞன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஆகியோர் எத்தகுதியினராக இருத்தல் வேண்டும் என்பதை இளங்கோவடிகள் விரிவாக வகுத்துரைக்கிறார். அரங்கில் நிகழ்வது சில நாழிகை. அதற்கு முன் நிகழ்ந்ததே பெரிது என்று அவர் கருதினார் போலும்.

அண்மைக் காலத்து மேதைகளின் வாழ்வும் இதற்குச் சான்றாகும். செம்மங்குடி சீனிவாச ஐயர் (1908–2003) எளிதில் வளைந்துகொடுக்காத தம் குரலை இடைவிடாத சாதகத்தால் வசப்படுத்தி, ஆலாபனையில் தமக்கென ஓர் இடம் பெற்றார். காஞ்சிபுரம் நாயனா பிள்ளை (1889–1934) தாளக் கணக்கின் நுட்பங்களில் திளைத்தவர். தாளக் கருவிகள் பல சூழ்ந்திருக்க நடுவே அஞ்சாமல் அமர்ந்து பாடியவர். கடும் பயிற்சியை இசையுலகம் 'அசுர சாதகம்' என்று வழங்குவதும் எண்ணத்தக்கது. மனிதர்க்கு இயல்பான அளவில் அடங்காத உழைப்பு அது என்பது அப்பெயரின் குறிப்பு.

திருவாவடுதுறை இராஜரத்தினம் பிள்ளையின் (1898–1956) தோடி வேறொரு பாடத்தைத் தருகிறது. நாகசுரத்தில் தோடி என்றாலே அவர் பெயர் நினைவுக்கு வரும் அளவுக்கு அவ்விராகத்தை அவர் வாசித்தார். இரவு முழுவதும் நீளத்தக்க ஆலாபனை மரபில் வந்த அவர், அக்காலத்து இசைத்தட்டில் பதிவு செய்தபொழுது ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடங்களுக்குச் சற்றே மிகுதியான நேரமே கிடைத்தது. கடலைச் செம்பில் அடைக்கும் அவ்வேலைக்கு, எதைச் சொல்வது, எதை விடுவது என்னும் தெளிவு முன்னரே வேண்டும். அந்த ஆயத்தத்தால் அவருடைய தோடி பொய்யாகிவிடவில்லை.

மேடையேறும் நாளில் கலைஞர்கள் நடந்துகொள்ளும் முறையோ பலதிறப்பட்டது. சிலர் பாடவிருக்கும் பாடல்களைக் குறிப்பேட்டில் வரிசையாக எழுதி வைப்பர். சிலர் மேடையில் அமர்ந்து அவையைப் பார்த்த பின்னரே முடிவு செய்வர். சிலர் அன்று காலை சாதகம் செய்து குரலைப் பதப்படுத்துவர். வேறு சிலர், மாலையில் விரித்துப் பாடவிருக்கும் இராகத்தை அன்று பகலில் தொடவே மாட்டார்கள். புதுமை கெட்டுவிடும் என்பது அவர்கள் அச்சம். முறைகள் மாறுபடினும் இவர்கள் எல்லார்க்கும் பின்னே பல்லாண்டுப் பயிற்சி நிற்கிறது.

பிறர் கண்ட வழி

இச்சிக்கல் தமிழிசைக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்க நாட்டு ஜாஸ் இசையும் அந்நேரக் கற்பனையையே உயிராகக் கொண்டது. அவ்விசையில் சாக்சபோன் என்னும் துளைக்கருவியால் பெரும்புகழ் எய்தியவர் சன்னி ரோலின்ஸ். புகழின் உச்சியில் இருந்த அவர், 1959ஆம் ஆண்டு மேடையை விட்டு விலகினார். நியூயார்க் நகரின் வில்லியம்ஸ்பர்க் பாலத்தில் நின்று, காற்றுக்கும் இரயிலோசைக்கும் இடையே, 1961ஆம் ஆண்டுவரை பயிற்சி செய்தார். மீண்டு வந்து 1962இல் வெளியிட்ட இசைத்தட்டுக்குப் 'பாலம்' என்னும் பொருளுடைய பெயரையே சூட்டினார். மேடையில் ஆயத்தமின்றி வாசிப்பவர் என்று உலகம் போற்றிய ஒருவர், ஆயத்தம் போதாதென்று கருதி ஈராண்டு ஒதுங்கி நின்றார் என்பது சிந்திக்கத்தக்கது.

அதற்கு நேர்மாறாகத் தோன்றும் நிகழ்ச்சி ஒன்றும் உண்டு. பியானோக் கலைஞர் கீத் ஜாரெட், எதை வாசிப்பது என்று முன்னரே தீர்மானித்துக்கொள்ளாமல் மேடையில் தனித்து வாசிக்கும் வழக்கம் உடையவராக இருந்தார். 1975ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் ஜெர்மனியின் கொலோன் நகரில் அவர் வாசிக்க வேண்டியிருந்தது. அவர் கேட்ட பியானோவுக்கு மாறாகத் தரம் குன்றிய சிறிய பியானோ ஒன்றே மேடையில் இருந்தது. வாசிக்க மறுத்தவர், பின்னர் இசைந்தார். நன்கு ஒலிக்காத பகுதிகளைத் தவிர்த்து, நடுப்பகுதிச் சுரங்களையே பெரிதும் பற்றி வாசித்தார். அப்பதிவு உலகெங்கும் விரும்பிக் கேட்கப்படுகிறது. குறிப்பிட்ட ஒன்றை உருப்போட்டு வந்திருந்தால் அந்தப் பியானோவில் அது சிதைந்தே போயிருக்கும். கருவியின் குறையையே வழியாக்கிக்கொள்ள அவரால் முடிந்ததற்குக் காரணம், அவர் கையில் பாடம் இல்லாமல் பயிற்சி மட்டும் இருந்தமையே.

அத்துணைத் தொலைவு செல்வானேன்? சிங்கப்பூரிலேயே மலாய் அண்டைவீட்டாரின் டிக்கிர் பாராட் கலையில் இவ்விருவகையும் அருகருகே அமர்ந்துள்ளன. முதலில் தோக் ஜுவாரா என்னும் தலைமைப் பாடகர் ஆயத்தம் செய்த பாடலைப் பாட, குழுவினர் கைகொட்டித் தொடர்கின்றனர். பின்னர் துக்காங் காருட் என்பவர் எழுகிறார். அங்கேயே, அப்பொழுதே அடிகளைக் கட்டிப் பாடுதல் மரபுப்படி அவர் கடமை. ஆக்கியதற்கும் ஆகிக்கொண்டிருப்பதற்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி ஆளும் வைத்த அம்மரபு பாராட்டுக்குரியது. கேட்பவர் எதைக் கேட்கிறார் என்பது அங்கே மறைக்கப்படுவதில்லை.

தமிழ்ப் புலவர் மரபிலும் ஆசுகவி தனி வகையாகப் போற்றப்பட்டது. ஆசு, மதுரம், சித்திரம், வித்தாரம் என்னும் நால்வகைக் கவிகளுள் கொடுத்த பொருளை உடனே பாடுவது ஆசு. காளமேகப் புலவரின் புகழ் இவ்வாற்றலின்மேல் எழுந்ததே. ஆசுகவி பாடுபவன் பொருளை முன்கூட்டி அறியான். ஆனால் எதுகையும் மோனையும் தளையும் அவன் நாவில் ஊறிக் கிடக்கும். யாப்பறியாதவன் விரைந்து பாடினால் அது ஆசுகவி ஆகாது. வெறும் விரைவே ஆகும்.

கணக்கும் கற்பனையும்

இனி அம்மாணவியின் தாளுக்கு மீள்வோம். அதில் எழுதப்பட்டிருந்த கோர்வையை எடுத்துக்கொள்வோம். ஆதி தாளத்தின் ஓர் ஆவர்த்தனத்தில் எட்டு எண்ணிக்கை. சதுசிர நடையில் முப்பத்திரண்டு மாத்திரை. ஏழு மாத்திரை கொண்ட ஒரு சொற்கட்டை மும்முறை பாடி, இடையிடையே இரண்டு மாத்திரைக் கார்வை இரண்டு முறை விட்டால் மொத்தம் இருபத்தைந்து மாத்திரை. ஆகவே, சமத்தில் எடுப்பு அமைந்த பாடலுக்கு, ஆவர்த்தனம் தொடங்கி ஏழு மாத்திரை கழித்து இக்கோர்வையைத் தொடங்கினால் பாடலின் எடுப்பில் அது துல்லியமாக வந்து சேரும்.

இதே கோர்வையை, சமத்துக்கு அரை எண்ணிக்கை தள்ளி எடுப்பு அமைந்த பாடலுக்குப் பாட வேண்டுமானால் எவ்வாறு? ஒன்பது மாத்திரை கழித்துத் தொடங்க வேண்டும். கணக்கை உணர்ந்தவள் இதை உடனே செய்துவிடுவாள். தாளை மட்டும் உருப்போட்டவள் திகைத்து நிற்பாள். இருவரும் முன்னரே ஆயத்தம் செய்தவர்களே. இருவர் பாடியதும் ஒரே கோர்வையே. ஆயினும் ஒருத்தியின் ஆயத்தம் அவளுக்குக் கை. மற்றவளின் ஆயத்தம் அவளுக்குக் கட்டு.

இங்கேதான் சிக்கலின் முடிச்சு அவிழ்கிறது. ஆயத்தம் செய்தாரா, இல்லையா என்று கேட்பது பயனற்ற கேள்வி. அவ்வாயத்தம் அவருடைய தெரிவுகளைப் பெருக்கியதா, சுருக்கியதா என்று கேட்பதே தகும். மிருதங்கக்காரர் எதிர்பாராத ஒரு நடையில் விடையிறுத்தால், குரல் மேலே எட்டாமல் நின்றுவிட்டால், அவையில் ஒரு குழந்தை அழுதால், மண்டபத்தை ஒப்படைக்க வேண்டிய நேரம் நெருங்கிவிட்டால், பாடுபவர் தம் வழியை மாற்றிக்கொள்ள வல்லவரா? வல்லவராயின், அன்று மாற்ற நேராமல் முன்பு பழகிய வழியிலேயே சென்றிருந்தாலும் அது மனோதர்மமே. வல்லவரல்லராயின், அது எவ்வளவு புதிதாக ஒலித்தாலும் மனப்பாடமே.

முழுப் புதுமையை வேண்டுவோரும் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஒவ்வோர் இராகத்துக்கும் அதன் உருவத்தைக் காட்டும் பிடிகள் உண்டு. அவற்றைப் பாடாமல் விட்டால் தோடி தோடியாகாது. முன்னோர் பாடிய பிடிகளையே ஒருவர் பாடுகிறார் என்று குறை கூறுவது, முன்னோர் பேசிய சொற்களையே ஒருவர் பேசுகிறார் என்று குறை கூறுவதை ஒக்கும். சொற்கள் பழையன; அவற்றைக்கொண்டு அந்நேரத்தில் சொல்லப்படுவது புதிது.

எது பொய்?

அவ்வாறாயின் பொய் எங்கே புகுகிறது? ஆயத்தத்தில் அன்று, ஆயத்தத்தைப் பற்றிய கூற்றில்தான் புகுகிறது. எழுதிக் கொடுத்த சுரத்தைப் பாடிய மாணவி பொய் சொல்லவில்லை. அதனை அவளுடைய கற்பனை என்று அவையோர் நம்பும்படி விட்டதில் ஒரு சிறு பொய் இருக்கிறது. அப்பொய்க்கு அவளைவிட மூத்தோரே பொறுப்பாவர். 'இச்சுரங்கள் ஆசிரியர் அமைத்துப் பயிற்றியவை' என்று ஒரு சொல் அறிவித்திருந்தால் அவள் தலைகுனிந்து நின்றிருக்க வேண்டியதில்லை. கைத்தட்டலும் குறைந்திராது. பயின்றதைப் பிழையின்றிப் பாடுதலும் பாராட்டுக்கு உரியதே.

இச்சிறு பொய்யால் அவையோர்க்குப் பெருந்தீங்கு நேர்ந்துவிடவில்லை. தீங்கு மாணவிக்கே. கற்பனை என்பது பிறர் எழுதிக் கொடுக்க, தான் ஒப்பிப்பது என்று அவள் கற்றுக்கொள்கிறாள். தன்னால் ஒன்று பிறக்கக்கூடும் என்னும் எண்ணமே அவளுக்குத் தோன்றாமற் போகலாம். பத்தாண்டு பயின்ற பின்னரும் தாளில்லாமல் பத்துச் சுரம் பாட அஞ்சும் நிலை அவ்வாறே உண்டாகிறது. அவளிடமிருந்து மறைக்கப்பட்டது அவளுடைய சொந்தக் குரல்.

மறுபுறத்தில், 'ஆயத்தம் ஒன்றும் செய்யவில்லை. அப்படியே வந்தது' என்று சொல்லிக்கொள்ளும் பெருமையும் பொய்யின் இன்னொரு முகமே. மெய்யாகவே ஆயத்தம் இன்றி வந்தவர் எனில், அவர் அவையை மதியாதவர். திருவள்ளுவர் அவையறிதல், அவையஞ்சாமை என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். அஞ்சாமை வேண்டும், ஆனால் அவையை அறிந்து, அதற்குரிய கல்வியோடு வந்த அஞ்சாமையாக அஃது இருத்தல் வேண்டும் என்பது அவ்வைப்பு முறையால் உய்த்துணரத்தக்கது. இனி, பல்லாண்டு உழைத்துவிட்டு உழைப்பை மறைத்து அருள் என்று கூறுபவர் எனில், அவர் இளையோரை வழிதவறச் செய்கிறார். அவர் சொல்லை நம்பிய மாணவன் சாதகத்தை விட்டுவிட்டு அருளுக்குக் காத்திருப்பான். அருள் வரலாம், ஆனால் அது வந்து அமர்வதற்கு ஓர் இருக்கை வேண்டும்.

மொழிக்கும் இதுவே

இசையைப் பற்றிய இவ்வாய்வு தமிழாசிரியர்க்கும் மாணவர்க்கும் தொடர்பற்றதன்று. தேர்வுக்கு முன் மாதிரிக் கட்டுரைகளை உருப்போடும் மாணவர் எத்தனை பேர்! கடற்கரையில் ஒரு நாள் என்று வினாத்தாள் கேட்டாலும், நூலகத்தில் ஒரு நாள் என்று கேட்டாலும், 'கதிரவன் தன் பொற்கதிர்களை வீசினான்' என்றே தொடங்கும் கட்டுரைகளைத் திருத்திச் சலித்த ஆசிரியர் எத்தனை பேர்! எழுதும் தேர்வில் இவ்வுத்தி ஓரளவு பயன் தரக்கூடும். வாய்மொழித் தேர்விலோ, காணொளி ஒன்றைக் கண்டு தேர்வாளரோடு உரையாடும்பொழுது அது கைகொடுப்பதில்லை. தேர்வாளர் எதிர்பாராத ஒரு வினாவைத் தொடுத்த அக்கணமே மாணவர் ஆங்கிலத்துக்குத் தாவுகிறார், அல்லது வாய்மூடுகிறார். அரை எண்ணிக்கை தள்ளிய எடுப்பில் திகைத்த மாணவியின் நிலையே இது.

இதற்குப் பின்னே ஒரு சமூக உண்மை உள்ளது. வீட்டில் மிகுதியாகப் பேசும் மொழி தமிழ் என்றோர், 2010ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உடைய குடியிருப்பாளருள் 3.3 விழுக்காட்டினராக இருந்தனர். 2020ஆம் ஆண்டுக் குடிமதிப்பில் அது 2.5 விழுக்காடாகக் குறைந்தது. பேச்சு என்பது ஒவ்வொரு நாளும் நிகழும் மனோதர்மம். சாப்பாட்டு மேசையில் தாயோடு வழக்காடும் பிள்ளை எதையும் உருப்போட்டு வருவதில்லை. வேண்டிய சொல் வேண்டிய நேரத்தில் வருகிறது. அவ்வழக்கு வீட்டில் குன்றும்பொழுது, மொழி தாளில் எழுதிய சுரமாகிவிடுகிறது. ஒப்பிக்கலாம், உரையாட இயலாது. ஒரு மொழி வாழ்கிறதா என்பதை, அதில் எத்தனை பாடல்கள் மனப்பாடமாக உள்ளன என்பதைக்கொண்டு மட்டும் அளக்க முடியாது. முன்னர்ச் சொல்லாத ஒன்றை அதில் சொல்ல எத்தனை பேரால் முடிகிறது என்பதையும் கொண்டே அளக்க வேண்டும்.

ஆகவே மனப்பாடம் வேண்டாம் என்று முடிவு கட்டுவதும் தவறே. சரளி வரிசையும் சண்ட வரிசையும் அலங்காரமும் நூறுமுறை பாடாதவருக்குக் கற்பனைச் சுரம் கைவராது. செய்யுளும் உரைநடையும் நெஞ்சில் தங்காதவருக்குச் சொல் பிறக்காது. மனப்பாடம் விதைநெல் போன்றது. அதை அப்படியே பத்தாயத்தில் வைத்திருப்பவரும் பட்டினி கிடப்பர். விதைநெல்லே இல்லாதவரும் பட்டினி கிடப்பர். நிலத்தில் இட்டவரே அறுப்பர்.

ஆசிரியர் செய்யத்தக்கது இதுவே. முதலில் எழுதிக் கொடுக்கலாம். அடுத்த முறை, எழுதியதில் ஒரு வரியை வெற்றிடமாக விட்டு, 'இவ்விடத்தை நீ நிரப்பு' எனலாம். அதற்கடுத்த முறை கோர்வையை மட்டும் கொடுத்து, அதற்கு முன் வருவதை மாணவரிடமே விடலாம். மாணவர் பாடும் முதற் சுரங்கள் அழகாக இரா, தாளம் தப்பும். அத்தப்பை வகுப்பறையில் பொறுத்துக்கொள்ளும் ஆசிரியரே மேடையில் மனோதர்மத்தைக் காண்பார். கட்டுரைக்கும் உரையாடலுக்கும் இதே முறை பொருந்தும். பிழையில்லாத பத்து ஒப்பித்தல்களைவிட, பிழையோடு பிறந்த ஒரு சொந்த வாக்கியத்துக்கு வகுப்பில் மதிப்பு மிகுதல் வேண்டும்.

அம்மாணவி மறு ஆண்டு மீண்டும் மேடையேறுவதாகக் கொள்வோம். இம்முறை தாளில் கோர்வை மட்டுமே உள்ளது. முதற் சுற்றில் அவள் பாடியது எளிய நான்கு சுரம். இரண்டாம் சுற்றில் ஓரிடத்தில் தடுமாறி, ஒரு சுரத்தில் நீண்டு நின்று, தாளத்தைக் கையால் எண்ணி, மீண்டும் வழி கண்டு எடுப்பில் சேர்கிறாள். முன்வரிசைப் பெரியவர் சென்ற ஆண்டுபோல் வியந்து பேசவில்லை. அவள் நின்ற அந்த இடத்தில் தாமும் மூச்சடக்கி, அவள் சேர்ந்தபொழுது தாமும் சேர்கிறார். இம்முறை அவள் தலைகுனியவில்லை. அவள் வீட்டில் விளைவித்தது பயிற்சி. மேடையில் பிறந்தது அவள்.